இரண்டாவது ஏஞ்சல்

கொளத்தூர் வண்ண மீன் சந்தையில் ஜெரினாவின் கடைக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அங்கே காசு கொடுத்தாலும் மீன் கிடைக்காது என்பார்கள்.

பொய்யில்லை. மற்ற கடைகளில் விரலை நீட்டினால் போதும். வலையில் அள்ளி, கவரில் போட்டுக் காற்றடைத்து, ரப்பர் பேண்டு சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஜெரினாவிடம் அது நடக்காது. தொட்டி எத்தனை அடி, தண்ணீர் குழாயா லாரியா, உள்ளே இப்போது யார் இருக்கிறார்கள், அதில் முதலில் வந்தது எது என்று சம்பந்தம் பேச வந்தவர்களை விசாரிப்பது போல விசாரிப்பார். பாதிப் பேரை வெறுங்கையோடு அனுப்பிவிடுவார். மீதிப் பேர் திரும்பத் திரும்ப வருவார்கள்.

அப்படித் திரும்பத் திரும்ப வந்து சீடன் ஆனவன் இசக்கியப்பன். குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடனுக்கு நாற்பத்திரண்டு. வேலை, லிஃப்ட் மெக்கானிக். வில்லிவாக்கத்தில் முதல் மாடியில் வாடகை வீடு. வீட்டில் அவன், மனைவி கோகிலவாணி, அவனுடைய அப்பா பேச்சிமுத்து என்று மூன்று பேர்.

முதன்முதலில் தொட்டி வாங்கியபோது, எல்லாமே அழகாக இருக்கிறதே என்று வேறொரு கடையில் வகைக்கு ஒன்றாக மீன் வாங்கிப் போட்டான் இசக்கியப்பன். ஒரு வாரத்தில் ஓர் ஏஞ்சல் மீன் மட்டும் மிஞ்சியது. மற்றவை எங்கே என்று அதைத்தான் கேட்க வேண்டும். அந்தத் துக்கத்தோடு ஜெரினாவின் கடைக்கு வந்து அவன் கேட்ட முதல் கேள்வி இது.

"எங்க லிஃப்ட்ல ஆறு பேருக்கு மேல ஏறக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருப்போம். அதே மாதிரி தொட்டியிலயும் ஒட்டிட்டா சோலி முடிஞ்சுதுல்லா?"

"லிஃப்ட்ல ஏறுனவங்க அடுத்த மாடியில இறங்கிடுவாங்க சார். மீன் எங்க இறங்கும்?"

அன்றிலிருந்து அவரைக் குருவே என்றுதான் கூப்பிடுகிறான். அப்படிக் கூப்பிடாதீங்க, வர்ற கஸ்டமர் பயந்துக்குறாங்க என்று அவரும் சொல்லிப் பார்த்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்கும்போதே சீடன் வந்து நின்றான்.

"குருவே, ரெண்டு அடித் தொட்டி. உள்ள ஒத்த ஏஞ்சல். அதுகூட யாரைப் போடலாம்?"

"இவ்ளோ நாளா ஒண்ணே போதும்னீங்க. இப்ப இன்னா?"

"சும்மாத்தான். தங்கமீன் போடலாமா?"

"அதுக்குக் குளிர்ச்சி வேணும், ஏஞ்சலுக்கு வெதுவெதுப்பு வேணும். ஒருத்தர் ஃபேனைப் போடச் சொல்லுவார், ஒருத்தர் நிறுத்தச் சொல்லுவார். உங்களுக்குத் தெனம் பஞ்சாயத்து."

"நியான் டெட்ரா? பொடிசா, சாதுவா இருக்கே."

"சாதுதான். உங்க ஏஞ்சலுக்கு அது டிபன்."

"டைகர் பார்ப்?"

"அதுக்கு வாய் சும்மா இருக்காது. ஏஞ்சலோட நீளத் துடுப்பைக் கடிச்சிக்கினே இருக்கும்."

"ஃபைட்டர்?"

"பேர்லயே சொல்லிட்டாங்களே சார்."

சீடன் கண்ணாடித் தொட்டிகளை ஒரு சுற்று சுற்றி வந்தான். பிறகு, கேட்க வந்ததைக் கேட்டான்.

"அப்ப, இன்னொரு ஏஞ்சல்?"

ஜெரினா கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"மீனைப் பத்தித்தான் கேக்குறீங்களா?"

சீடன் அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தான். குரு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். விஷயம் வெளியே வந்தது.

கோகிலாவின் அப்பா சென்னியப்பன் கோபிச்செட்டிப்பாளையத்தில் தனியாக இருக்கிறார். மனைவி போய் இரண்டு வருஷம். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஒற்றைப் பெண், வேறு போக்கிடம் இல்லை. ஏற்கெனவே ஒரு தரம் ஆடி மாதத்தில் கூட்டி வந்தார்கள். இரண்டே நாளில் மூட்டையைக் கட்டிவிட்டார்.

"உங்க அப்பா எதனா சொன்னாரா?"

"ஒரு வார்த்தை சொல்லலை. வாங்க சம்பந்தி, இருங்க சம்பந்தின்னு தாங்கினாரு. ஆனா..."

ஆனால் என்ன என்பதுதான் சிக்கல். பேச்சிமுத்து அரசுப் பேருந்தில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஊரையெல்லாம் உள்ளே போ, உள்ளே போ என்று நகர்த்தி நகர்த்திப் பழகிய மனிதர். ஓய்வு பெற்ற பின் கூடத்தில் ஜன்னலோரம் அவருக்கு ஒரு சாய்வு நாற்காலி, கால் நீட்ட ஒரு முக்காலி, துண்டு மாட்ட ஓர் ஆணி, காப்பிக்கு ஒரு தம்ளர். ரிமோட் அவர் தொடைக்கு அடியில் இருக்கும். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கூடத்தில் காற்று வருகிற இடமெல்லாம் அவருடையது.

சென்னியப்பனோ பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைப்பதே பாவம் என்ற ஊர்க்காரர். பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்திருந்தார். முதுகு சாயவே இல்லை. காப்பியா டீயா என்றால், "எதுன்னாலும் செரிங்க." எந்தச் சேனல் வைக்கட்டும் என்றால், "உங்க இஷ்டமுங்க." இரண்டு நாளும் அவர் வாயிலிருந்து வேறு பேச்சே வரவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை மறுபடி வர்றாரு குருவே. இந்தத் தடவையும் ஒத்துவரலேன்னா ஈரோட்டுப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல போய் இருந்துக்குறேன், கேட்டு வெச்சிட்டேன்னு போன்ல சொல்லிட்டாரு. கோகிலா கழுவுன பாத்திரத்தையே திரும்ப எடுத்துக் கழுவிக்கிட்டு நிக்கா."

"மீன் எதுக்கு?"

"மாமாவுக்கு மீன்னா உசுரு. ஊர்ல கிணத்துல மீன் விட்டுட்டு மணிக்கணக்கா பாத்துக்கிட்டு நிப்பாரு. தொட்டி ஜோரா இருந்தா இங்க அவருக்குப் பொழுது போகும்லா."

ஜெரினா எழுந்து போனார். ஏஞ்சல்கள் இருந்த தொட்டியில் வெகுநேரம் தேடி, ஒன்றைப் பிடித்துக் கவரில் போட்டார்.

"உங்களுது உள்ளங்கை அளவு இருக்கும் இல்ல? இதுவும் அதே அளவு. சின்னதைப் போட்டா அடி வாங்கும். பெரிசைப் போட்டா அடி குடுக்கும்."

"ஒத்துப் போயிருமா?"

"ஆகலன்னா வேடிக்கை பாத்துக்கினு இருக்காதீங்க. எங்கிட்டயே கொண்டாந்து விட்டுடுங்க."

ஆகவில்லை. பழைய ஏஞ்சலுக்கு வலது மூலையில் மரக்கட்டைக்குப் பின்னால் ஓர் இடம். அங்கிருந்து பாய்ந்து வந்து புதியதை விரட்டியது. இடது பக்கம் போனாலும் விரட்டியது, கல்லுக்குப் பின்னால் ஒளிந்தாலும் விரட்டியது. தொட்டி முழுக்கவே தன் பேரில் பட்டா இருக்கிறது என்கிற மாதிரி நடந்துகொண்டது. புதியது துடுப்பைச் சுருக்கிக்கொண்டு, தண்ணீர் மட்டத்தில் ஒரு மூலையில் அசையாமல் நின்றது.

பேச்சிமுத்து நாற்காலியில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

"பொறவு? அவன் இடத்துல வந்து நின்னா விரட்டத்தான செய்வான்?"

அடுப்படியில் இருந்த கோகிலா வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இசக்கியப்பன் மொட்டை மாடிக்கு ஏறிக் குருவுக்குப் போன் செய்தான்.

"பொருத்தம் பாத்துத்தான குடுத்தீங்க?"

"பாத்துத்தான் குடுத்தேன்."

"பொறவு ஏன் இப்படி?"

"நாளைக்குக் காலைல வர்றேன்."

சொன்னபடி மறுநாள் ஜெரினா இரண்டு வாளிகளோடு வந்தார். பேச்சிமுத்துவுக்கு ஒரு வணக்கம் வைத்தார். இரண்டு மீன்களையும் ஆளுக்கொரு வாளியில் விட்டார். கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு, மரக்கட்டையை வெளியே எடுத்தார். கற்களை எடுத்தார். செடிகளைப் பிடுங்கினார். ஃபில்டரைக் கழற்றினார்.

பேச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, எல்லாத்தையும் ஏன் கலைக்கே? அது பழகுன இடம்லா?"

"ஆமாங்கய்யா."

அவ்வளவுதான் சொன்னார். மரக்கட்டை இடது பக்கம் போனது. கற்கள் நடுவுக்கு வந்தன. வலப்பக்கம் இருந்த ஃபில்டர் இடப்பக்கம் ஏறியது. செடிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன.

சீடன் மெதுவாகக் கேட்டான்.

"அந்த மூலையில இருக்குற கட்டையை மட்டும் கொஞ்சம் நகத்தினா போதாதா குருவே?"

"ஒண்ணை மட்டும் நகத்தினா, சண்டை அந்த ஒண்ணுக்காக நடக்கும்."

விளக்கை அணைத்துவிட்டுப் புதிய மீனை முதலில் விட்டார். சற்றுப் பொறுத்துப் பழையதை விட்டார். பழையது நேராக வலது மூலைக்குப் பாய்ந்தது. மூலை இருந்தது, கட்டை இல்லை. திரும்பியது. கண்ணாடியில் மூக்கை வைத்து யோசித்தது. கல்லைச் சுற்றியது, செடியை மோந்தது, ஃபில்டரைக் கண்டு திடுக்கிட்டுப் பின்னால் போனது. அதே நேரத்தில் அந்தப் பக்கமிருந்து புதியதும் கல்லைச் சுற்றிக்கொண்டு வந்தது. எதிரெதிரே வந்த இரண்டும் ஒரு கணம் நின்று, வழிவிட்டு, தங்கள் தங்கள் தேடலைத் தொடர்ந்தன.

பேச்சிமுத்து கைகொட்டிச் சிரித்தார்.

"ஏல, பஸ் ஸ்டாண்டை இடம் மாத்துன அன்னைக்கு சனம் முழிச்ச மாதிரியே முழிக்கான்லே!"

ஜெரினா கையைத் துடைத்துக்கொண்டு வாளிகளை எடுத்தார். சீடன் வாசல் வரை போனான். திரும்பி வந்து கூடத்தின் நடுவில் நின்று நாற்காலியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தான். பிறகு அடுப்படிக்குப் போய்க் கோகிலாவின் காதில் ஏதோ சொன்னான். ஒரு வாரமாகச் சிரிக்காத கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை சென்னியப்பன் பகல் ரயிலில் வந்தார். சம்பந்தியை வீட்டுப் பெரியவர் போய் அழைத்து வருவதுதான் மரியாதை என்று மகன் சொன்னதும், பேச்சிமுத்து சலவை வேட்டி கட்டிக்கொண்டு சென்ட்ரலுக்குப் புறப்பட்டுவிட்டார். அவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, புருஷனும் பெண்சாதியும் வேலையில் இறங்கினார்கள்.

அந்த வீட்டில் எதையும் விடவில்லை. டிவி எதிர்ச் சுவருக்குப் போனது. மீன்தொட்டி ஜன்னலோரம் வந்தது. கட்டில் திசை மாறியது. பீரோ உள்ளே போக, உள்ளே இருந்த பெஞ்சு கூடத்துக்கு வந்து தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தது. சாய்வு நாற்காலி மறுசுவரோரம் போனது. அதன் பக்கத்தில் இன்னொரு சாய்வு நாற்காலியும் முளைத்தது. ஆணியைப் பிடுங்கி வேறு இடத்தில் இரண்டாக அடித்தார்கள். தம்ளர்கள், சர்க்கரை டப்பா, செருப்பு வைக்கும் ஸ்டாண்டு, நாள்காட்டி எல்லாம் ஊர் மாறின. கடைசியில் கோகிலாவுக்கே உப்பு எங்கே என்று தெரியவில்லை.

நாலு மணிக்குப் பெரியவர்கள் இருவரும் படியேறி வந்தார்கள். பேச்சிமுத்து வலது காலை எடுத்து வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். வெளியே போய்க் கதவு நம்பரைப் பார்த்துவிட்டு மறுபடி வந்தார்.

"என்னலே இது?"

"வாங்கப்பா. மாமா, வாங்க."

"என் நாற்காலி எங்கலே?"

"ரெண்டு கெடக்குப்பா."

"துண்டு மாட்டுத ஆணி?"

"அதுவும் ரெண்டு இருக்கு."

பேச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தில் போய் விழுவதற்கு என்று வைத்திருந்த இடம் இல்லை. நடுக்கூடத்தில் நின்றபடியே கத்த வேண்டியதாயிற்று. அது அவ்வளவு எடுபடவில்லை. இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் குடிக்கலாம் என்று பார்த்தால் பானையைக் காணோம்.

சென்னியப்பன், கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் சம்பந்தி, பானை இங்கிருக்குதுங்க."

"அங்கனயா? தம்ளர்?"

"அது தெரிலீங்க. நீங்க அந்தப்பக்கம் பாருங்க, நான் இந்தப்பக்கம் பாக்கறனுங்க."

அடுத்த அரை மணி நேரம் அந்த வீட்டில் நடந்ததைக் கோகிலா இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அறுபத்தெட்டு வயதில் ஒருவரும் எழுபது வயதில் ஒருவரும், தம்ளரைத் தேடி ரிமோட்டைக் கண்டுபிடித்தார்கள். ரிமோட் கிடைத்த பிறகு டிவிக்கு ஸ்விட்ச் எங்கே என்று தேடினார்கள். இவர் அலமாரியைத் திறந்தால் பாயும் தலையணையும் அவர் மேல் விழுந்தன. தம்ளர் கடைசியில் ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. சென்னியப்பன்தான் பார்த்தார். அவருக்கு எட்டாததால் பேச்சிமுத்து எடுத்தார்.

அந்தி சாயும் நேரத்தில் இருவரும் பெஞ்சில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கோகிலா காப்பியோடு வந்தவள், அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய அப்பாவின் முதுகு சுவரில் சாய்ந்திருந்தது. காலைத் தூக்கிச் சம்மணம் போட்டிருந்தார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காப்பி ஆறுகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, சீடன் கடைக்குப் போனான். கையில் ஒரு தூக்கு. உள்ளே, மாமனார் ஊரிலிருந்து வரவழைத்த இனிப்புப் பலகாரம், கச்சாயம். வெல்ல வாசனை கடை முழுக்கப் பரவியது. ஆனால் சீடன் முகம் சரியில்லை.

"புது ஏஞ்சல் எப்டி இருக்கு?"

"நல்லா இருக்கு குருவே. சாப்பிடுது. நேத்து அது பழசை ஒரு தடவை விரட்டிச்சு."

"எங்கேருந்து?"

"அதோட மூலையிலேருந்து."

ஜெரினா புன்னகையோடு கச்சாயத்தைப் பிட்டு வாயில் போட்டார்.

"அப்றம் இன்னா குறை? முகம் ஏன் இப்டி இருக்கு?"

"வீட்டுலதான் குருவே. இத்தனை நாள் நல்லாத்தான் போச்சு. இன்னைக்குக் காலைல சண்டை."

"எதுக்கு?"

"மீனுக்குத் தீனி போடுறதுக்கு. அப்பா ஒரு கை அள்ளிப் போட்டாரு. மாமா சும்மா இருந்திருக்கலாம். 'நீங்க போட்டா தண்ணி கலங்கிப் போவுதுங்க. டப்பாவை இங்க குடுத்துப்போட்டு அந்தப்பக்கம் நகருங்க'ன்னுட்டாரு."

"உங்க அப்பாவையா? நகருங்கன்னா?"

"ஆமா. ஊரையே நகரச் சொன்ன மனுசரை. அப்பா 'என்னவே சொன்னீரு?'ன்னு எந்திரிச்சிட்டாரு. மாமாவும் விடலை. 'சொன்னது சொன்னதுதானுங்க'ன்னு டப்பாவைப் புடுங்கிட்டாரு. காலைலேருந்து ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசிக்கிட்டே இருக்காங்க. கோகிலாவுக்கு ஒரே கவலை. நல்லபடியா போயிக்கிட்டு இருந்தது, கெட்டுப் போச்சோன்னு."

ஜெரினா மெல்லுவதை நிறுத்தினார்.

"டப்பாவைப் புடுங்குனது யாரு?"

"மாமாதான்."

"எதுன்னாலும் செரிங்கன்னு சொல்லுவாரே, அவரா?"

"அவரேதான்."

குரு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டு, தூக்கை மூடிச் சீடன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"வீட்டுக்குப் போய்க் கோகிலாவுக்கு ஒண்ணு ஊட்டி விடுங்க சார். அவங்க அப்பா இன்னைக்குத்தான் குடி வந்திருக்காரு."